கோடு கிழித்த சட்டை

ஜெர்மனியின் ஓஃபன்பர்கில் ஏன்னெ புர்டா 1950இல் ஒரு தையல் பத்திரிகை தொடங்கினார். சீக்கிரமே அதற்குள், துணி வெட்டும் மாதிரிகள் அச்சிட்டு மடித்த தாள் ஒன்றும் வரத் தொடங்கியது. பாவாடை, சட்டை, கோட்டு எல்லாவற்றின் கோடுகளும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாக, ரயில்வே வரைபடம் போல. கை என்று நம்பி வெட்டினால் காலர் வரும். தையலுக்கு ஓரத்தில் விடும் துணியை நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். மறந்தவர் ஒரு சுற்று இளைக்க வேண்டியதுதான். 1987இல் பத்திரிகை ரஷ்ய மொழியில் சோவியத் நாட்டுக்கும் போனது. கடையில் நல்ல உடைக்குப் பஞ்சம், ஆகவே கோடுகளைப் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது முன்னேறிவிட்டோம்: மாதிரியை பி.டி.எஃப். ஆக இறக்கி, ஏ4 தாள்களில் அச்சடித்து, தரையெங்கும் பரப்பி, செல்லோடேப்பால் ஒட்டுகிறோம். கத்தரி துணியைத் தொடுவதற்குள் பொழுது சாய்கிறது. துணி, நூல், அச்சு மை எல்லாம் கூட்டிப் பாருங்கள்; கடைச் சட்டையே மலிவு.