இசைத்தட்டின் விளிம்பில் பச்சை மை: திருத்தணி வட்டார ஒலியியல் ஆய்வு

இசைத்தட்டுக்குத் துணைக்கருவி வாங்கினால் வீட்டில் கேட்கும் பாட்டு இனிக்குமா என்பது இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லை, திருத்தணி மலையின் 365 படிகளுக்குக் கீழே, ரயில் தண்டவாளத்துக்கும் திருப்பதி சாலைக்கும் இடைப்பட்ட வீடுகள். காலம், 78 சுற்று ரெக்கார்டு தொடங்கி சிடி வரை. செல்போனைத் தம்ளருக்குள் வைத்துக் கேட்போர் இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டவர்கள். அவர்களை முருகன் காப்பாராக.

திருத்தணியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இம்மலையில் தியானித்திருந்தபோது முதியவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டார் என்பதும், அதன்பின் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பிறந்தது என்பதும் வழிவழிச் செய்தி. ஆய்வாளர் அறிந்தவரை இப்பகுதியின் முதல் ஒலி மேம்பாட்டுத் துணைக்கருவி இதுவே. பொருத்தும் இடம் நாக்கு, விலை கிடையாது. ஆனால் அது பாடுபவர் வாயில் விழுந்தது. கேட்பவர் காதுக்கு என்ன செய்வது என்ற கேள்விதான் பிற்பாடு வியாபாரமாயிற்று.

அடுத்தது மைக் செட் யுகம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், ஆயுதபூஜையன்று ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்குவார்கள். சந்தனம் காய்ந்து தகரப் பெட்டியின் அதிர்வை அடக்கியிருக்கலாம் என்று ஒரு கருதுகோள் உண்டு. கருதியவர் இக்கட்டுரையாளர் மட்டுமே என்பதால் மேலே செல்வோம்.

மைக் செட் கடைகளில் ஆய்வுக்குரிய இன்னொரு கருவியும் இருந்தது: நாலணா. ரெக்கார்டு பிளேயரின் கை நுனியில், முள்ளுக்கு நேர் மேலே, சிங்கமுகம் தெரிய வைத்து, செல்லோ டேப்பால் ஒட்டியிருப்பார்கள். டேப்பின் ஓரம் மஞ்சளாகி, அதில் தூசி கோடுகட்டி நிற்கும். 25 பைசாவின் எடை ஏறத்தாழ 2.5 கிராம். அது ஏறியதும் முள் தாவாது. கீறல் விழுந்த ரெக்கார்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகும். கருவி வேலை செய்தது, சந்தேகமில்லை. எடை கூடினால் பள்ளத்தின் சுவர் தேயும், உச்சஸ்தாயி கரகரக்கும் என்பது பின்விளைவு. அது அடுத்த கல்யாண வீட்டார் பாடு.

தட்டுகளின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது. அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். 1948இல் வந்த எல்பி வினைல். அக்கினி நட்சத்திர வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அப்பளமாகும். இரண்டையும் மேலிருந்து பார்த்தால் வலமாகத்தான் சுற்றும். லேபிள் பக்கமிருந்து பார்த்தால் சிடியும் அப்படியே. பிரதட்சிணத்தில் மூன்றுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் ரெக்கார்டு முள் வெளிப்பிராகாரத்தில் நுழைந்து கருவறை நோக்கிப் போகிறது. சிடியின் லேசர் கருவறையில் தொடங்கி வெளியே வருகிறது. இது ஆகமப்படி சரியா என்பதைச் சிவாச்சாரியார்கள்தாம் சொல்ல வேண்டும்.

இனி சிடி. முதல் சிடி பிளேயர் 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1990 வாக்கில் சிடியின் விளிம்பில் பச்சை மை தடவினால் ஒலி துலங்கும் என்றொரு நம்பிக்கை உலகைச் சுற்றியது. அதற்கென்றே பேனா விற்றார்கள், வாங்கினார்கள். தட்டுக்குள் சிதறும் ஒளியைப் பச்சை விழுங்கிவிடுமாம். பேனாவோடு நில்லாமல் தட்டின் மேல் விரிக்கும் பாய், விளிம்பில் மாட்டும் வளையம், காந்தம் நீக்கும் பெட்டி என்று சீர்வரிசை நீண்டது. சிலர் தட்டை ஃப்ரீசரில் ஐஸ் டிரேக்கும் நேற்றைய மாவுக்கும் நடுவே வைத்து எடுத்தார்கள்.

பூர்வபட்சம் இவ்வளவு. மறுப்பு வருமாறு. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. பச்சை மை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தட்டு பாலிகார்பனேட், அதன்மேல் அலுமினியப் பூச்சு. அலுமினியத்தில் காந்தம் ஏறாது, ஏறாததை நீக்கவும் முடியாது. லேபிள் மையில் இரும்பு இருக்குமே எனின், இருக்கட்டும். லேசர் ஒளியைப் பார்க்கிறது, காந்தத்தை அல்ல. தட்டு சற்றே தள்ளாடினாலும் படித்த எண்கள் ஒரு தாங்கலில் சேர்ந்து, குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்துக்குத்தான் வெளியே வருகின்றன. சிறு கீறலைப் பிழைதிருத்தக் கணக்கே நிரப்பிவிடும். சிடிக்குத் தேவை மெல்லிய துணி. அதையும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடே ஓடி, பிழைதிருத்தத்துக்கும் அடங்காமல் போகும்.

தருக்கம் போதாது, பரிசோதனை வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டைத் தந்தார். ஒரே கச்சேரியின் இரண்டு சிடிகள். ஒன்றுக்குப் பச்சை விளிம்பு. போர்வைத் திரைக்குப் பின்னால் அவர் பேரன் தட்டை மாற்றுவான்.

“கேட்டீங்களா சார்? மிருதங்கத்துல தொப்பி தனியா, வலந்தலை தனியா வருது பாருங்க!” என்றார் ஆசிரியர்.

“தாத்தா, அது கோடு போடாத சிடி.”

ஆசிரியர் அசரவில்லை. “ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு? இதுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும்.”

அப்போது அடுக்களையிலிருந்து, “ஏங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?” என்று குரல் வந்தது. யாருக்கும் தெரியவில்லை. இந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். அந்த வீட்டில் அன்றுவரை குக்கர் விசிலை எண்ணாமல் ஒருவரும் பாட்டுக் கேட்டதில்லை. பச்சை மை தட்டை ஒன்றும் செய்யவில்லை. மனிதரை நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்தது. பணம் கொடுத்த காது விழிப்பாக இருக்கிறது. விற்பவர்களும் இதைத்தான் விற்கிறார்கள். விலைச்சீட்டில்தான் வேறு பெயர் போடுகிறார்கள்.

மீதியைச் சூழல் பார்த்துக்கொள்கிறது. சிடியின் ஒலி வீச்சு கணக்குப்படி 96 டெசிபல். மின்விசிறி ஓடும் அறையில் முதல் 40, 50 டெசிபல் அதற்கே போய்விடும். மிச்சத்தில் அரக்கோணம்–ரேணிகுண்டா தடத்து ரயிலுக்கும், திருப்பதி பஸ்ஸின் ஏர் ஹாரனுக்கும், மண்டபத்து நாதஸ்வரத்துக்கும் பங்கு உண்டு. டிசம்பர் 31இல் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் பஜனைக் கோஷ்டிகளின் பங்கு தனி. அன்று தட்டைப் போடுவதே அபசாரம். எல்லையூர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆந்திரத்தோடு இருந்த நில எல்லைத் தகராறு படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் தீர்ந்து திருத்தணி நம் பக்கம் வந்தது. தமிழ்ப் பாட்டுக் குழாயும் தெலுங்குப் பாட்டுக் குழாயும் எதிரெதிரே கட்டப்படும் கல்யாண நாளில் ஒலி எல்லையைத் தீர்க்க இன்னும் ஒரு படாஸ்கர் வரவில்லை.

ஆகவே தீர்ப்பு: எல்பிக்குத் தூசி தட்டும் பிரஷ் உண்மையான கருவி. வளைந்த தட்டுக்கு மேலே வைக்கும் எடைக்கல்லும், ஆடாத மேசையும் அவ்வாறே. நாலணா ஆபத்துக்குப் பாவமில்லை வகை. சிடிக்கு விற்கும் பாய், வளையம், காந்தநீக்கி அனைத்தும் தள்ளுபடி. பச்சைப் பேனா வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம், அது காகிதத்தில் நன்றாக எழுதும்.

மாறான முடிவு கண்டவர்கள் தாராளமாக எழுதி அனுப்பலாம். தட்டை இன்னொருவர் மாற்ற, பார்க்காமல் கேட்ட பிறகு எழுத வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று செய்த சோதனைகள் ஏற்கப்படமாட்டா.