கண்ணாடியில் எழுதும் கனவான்

ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதியில், பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று வெல்லப் போராடிக்கொண்டிருக்கும் மாலை வேளையில், ஒரு நாசி கண்டார்க் கடையில் காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் மேசையாகப் பார்த்து அமர்ந்து, அதைத் தம் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்து, தோலுறையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து வைத்து, பிறகு வலது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மாத்திரம் மூடுகிற ஒரு கறுப்புக் கையுறையை மாட்டிக்கொள்ளும் கனவானை நீங்கள் காண நேர்ந்தால், ஐயோ, தீக்காயம் போலும் என்று அனுதாபப்பட வேண்டாம். அவர் எழுதப் போகிறார்.

கையுறைக்குக் காரணம் பினாங்கின் கடற்காற்று. ஈரம் ஏறிய உள்ளங்கை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் கை நகராது. கை நகராவிட்டால் சுழி விழாது. ரொட்டி சானாயை அவர் கரண்டியாலும் முள்ளாலும் உண்பதும் இதே சிரத்தையினால்தான். குழம்பு பட்ட விரல் கண்ணாடியைத் தீண்டினால், பேனா எது, விரல் எது என்று பகுத்தறியும் யந்திரத்தின் விவேகம் கலங்கிவிடும் என்பது அவர் கட்சி. பரிமாறுகிற பையன் முதல் நாள் இந்த அநாசாரத்தைச் சற்று நேரம் நின்று பார்த்தான்; இப்போதெல்லாம் கேளாமலே கரண்டியை வைத்துவிடுகிறான்.

பகலில் அவருக்குப் பாயான் லெப்பாஸில் உத்தியோகம். 1972-இல் இன்டெல் அங்கே தொழிற்சாலை திறந்த காலந்தொட்டு, வினாடியை ஆயிரமாகப் பிளந்து பார்க்கும் வழக்கம் அந்த வட்டாரத்துக்கு உண்டு. மற்றவர்கள் அதைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து வீடு போய்ச் சேருகிறார்கள், நம்மவர் மாத்திரம் அதைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார். 2015-இல் ஆப்பிள் பென்சில் வந்தபோது, ஐபேட் அதன் முனையை வினாடிக்கு 240 முறை கவனிக்கிறது என்று அறிந்து பரவசமடைந்தவர் அவர். பேனா நகர்வதற்கும் மை தோன்றுவதற்கும் இடையிலுள்ள தாமதம் 20 மில்லிவினாடியிலிருந்து 9 ஆகக் குறைந்துவிட்டது என்று 2019-இல் அந்நிறுவனம் அறிவித்தபோது, நண்பர்கள் அனைவருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே அந்த 9-ஐப் பற்றி அங்கலாய்க்கத் தொடங்கினார்.

அந்த அங்கலாய்ப்பிலும் ஒரு சூட்சுமம் இல்லாமலில்லை. பேனா அடுத்து எங்கே செல்லும் என்பதை மென்பொருளே ஊகித்து, கை போய்ச் சேருமுன் ஒரு துளி மையை முன்கூட்டியே வைத்துவிடுகிறது. ஊகம் பிழைத்தால், மறுகணமே யாரும் பாராதபடி அதை அழித்துக்கொள்கிறது. ‘ழ’ எந்தத் திசையில் இறங்கி எங்கே வளையும் என்று அது எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்பது அவருடைய கேள்வி. கோட்டை மெருகேற்றுகிறேன் என்று ‘ப’வின் மூலைகளையும் ‘ட’வின் மூலையையும் மழுக்கிவிடுகிற செயலிகளை அவர் ஜன்ம விரோதிகளாகவே பாவிக்கிறார். குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி, சாம்சங் நோட்ஸ் முதலியவற்றின் மையைப் பற்றி அவர் பேசுவது, சங்கீத வித்வான்களின் சாரீரத்தைப் பற்றிச் சபா ரசிகர்கள் பேசுவதைப் போலவே இருக்கும்: ஒன்றில் கனம் போதாது, இன்னொன்றில் குழைவு அதிகம், மூன்றாவது முன்பு நன்றாக இருந்தது.

ஆனால், இத்தனை மையிலும் அவர் எழுதியது என்ன என்று மாத்திரம் கேட்டுவிடக் கூடாது. எந்தச் செயலியை இறக்கினாலும், முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, அதன் வளைவைப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்த செயலிக்குப் போய்விடுவது அவர் சம்பிரதாயம். அவருடைய டேப்லெட்டில் நோட்டுப்புத்தகங்களுக்குக் குறைவில்லை. அத்தனையும் மங்களகரமாக ஆரம்பித்தவை. இவரை நம்பி ஒரு சங்கத்தார் காரியதரிசிப் பதவியைக் கொடுத்தார்கள். கூட்டக் குறிப்பில் ‘தீர்மானங்கள்’ என்ற தலைப்பு நீலக்கறுப்பு மையில் கண்ணைப் பறித்தது. தீர்மானங்கள் நிறைவேறிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் பேனாவின் முனையை மாற்றிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் போல் சொரசொரப்பாக இருக்கட்டுமென்று அவர் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள், அந்த முனையை அரம் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தது.

இதே வீதியில்தான் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்திருந்தன. பெட்டியடியில் சம்மணமிட்டு அமர்ந்து பேரேடு எழுதி ஐந்தொகை போட்டவர்களுக்கும் தத்தம் பேனாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருந்திராது. அதைக் கேட்க யாருக்கும் அவகாசம் இருந்திராது என்பதே என் ஊகம். ஆயினும் நம்மவரை மடக்கப் பார்த்தவர் அடுத்த மேசையிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

“தம்பி, ஓலையில எழுத்தாணியால கீறினவங்களுக்கு மை ஏது? கீறி முடிச்சு, கரியும் எண்ணெயும் பூசித் துடைச்ச பிறகுதான் எழுத்தே கண்ணுக்குத் தெளிவாத் தெரியும். அவங்களுக்கு எத்தனை மில்லிவினாடி தாமதம்?”

கனவான் திகைத்துப் போவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கண்களிலோ ஓர் அபூர்வமான ஒளி படர்ந்தது.

“தாமதம் கிடக்கட்டும் சார். அந்த ஓலையில உராய்வு எப்படி இருந்திருக்கும்!”

அன்றிரவே பனையோலை மேற்பரப்புள்ள திரைத்தாள் எங்கேனும் விற்கிறதா என்று தேடத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி.

சில தினங்களுக்குப் பின், பற்றுக் கணக்கை எழுதிக்கொள்ளக் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு 555 புத்தகத்தையும், மூடி தொலைந்த பந்துமுனைப் பேனாவையும் எடுத்தார். பேனா முதலில் மக்கர் செய்து, எண்ணெய்க் கறை படிந்த தாளில் இரண்டு தரம் கிறுக்கப்பட்டு, பிறகு சட்டென்று மை பிடித்து ஓடியது. நம்மவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் இங்க குடுங்க.”

புத்தகத்தை வாங்கி, தாளைக் கட்டைவிரலால் தடவி, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு புதிய பக்கத்தின் உச்சியில் மெல்ல ஒரு பிள்ளையார் சுழி போட்டார். முகம் மலர்ந்தது.

“ஆகா! இந்தத் தாள் எங்கண்ணே கிடைக்குது?”

கடைக்காரர் மற்றொரு மேசைக்குத் தே ஓ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“சுழி போட்டாச்சுல்ல தம்பி? அப்படியே அதுக்குக் கீழ உங்க பாக்கி பதினேழு வெள்ளியையும் நீங்களே எழுதிருங்க.”