பெட்டிக்குள் ஒரு விமானப்படை

போர் விமானம் வாங்கும் கலையை மாடல் கிட் ரசிகர்களிடம்தான் கற்க வேண்டும். கிட் தயாரிக்கும் தமியாவோ ஏர்ஃபிக்ஸோ புதிதாக ஒன்று வரப்போகிறது என்று ஒரு படம் காட்டினால் போதும். ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர் அலமாரியில் இடம் ஒதுக்கிவிடுகிறார். வெளியீடு தள்ளிப்போனால் கோபமில்லை, பரவசம். வந்த பெட்டியையும் பிரிப்பதில்லை. பிரித்தால் ஒட்ட வேண்டும், ஒட்டினால் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்துவிடுமே!

நம் பாதுகாப்புத் துறைக்கும் இந்த ரசனை வாய்த்திருப்பது நாட்டின் நல்லூழ். தேஜஸ் போர் விமானத் திட்டம் தொடங்கியது 1983இல். முதலில் பறந்தது 2001இல். 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தம். முதலாவது 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சளைக்காமல் 2025 செப்டம்பரில் இன்னும் 97க்கு ஆர்டர். ரசிகன் என்றால் இவனல்லவா! அதே மாதம் மிக்-21க்கு விடைகொடுத்ததும் சரிதான். அலமாரியில் இடம் வேண்டாமா?

கணக்கருக்கு அந்தக் கவலையும் இல்லை. 1/72 அளவில் தேஜஸின் நீளம் 18 சென்டிமீட்டர். ஏற்றுமதி ஷூ பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கும். ஆம்பூரில் பெட்டிக்கா பஞ்சம்?

வேலூர்க்காரர்கள்தான் அவசரக்காரர்கள். அப்துல்லாபுரத்தில் உடான் திட்டத்தில் ஓடுபாதையையும் முனையக் கட்டடத்தையும் 1/1 அளவிலேயே செய்துவிட்டார்கள். பயணிகள் விமானம் மட்டும் பாக்கி. கணக்கர் ஒரு பெட்டியைப் பிரிக்கச் சம்மதித்திருக்கிறார்.