ஈர விறகு இயல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

மதுரைச் சொக்கநாதர் விறகு விற்ற திருவிளையாடலுக்கு உரைகளும் உபந்நியாசங்களும் ஏராளம். பாணபத்திரருக்காக அவர் பாடிய பாட்டைக் கேட்டு, போட்டிக்கு வந்த பாடகன் ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்ததை எல்லாரும் சொல்கிறார்கள். 1965-இல் சிவாஜி கணேசன் திரையில் விறகோடு வந்தபோதும் சனம் பாட்டைத்தான் கேட்டது. அந்தக் கட்டில் இருந்தது என்ன மரம், காய்ந்ததா, பச்சையா என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்பாரில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் ராமநாதபுரச் சீமை. ஆய்வுப்பொருள் சீமைக்கருவேலம், வேலிக்காத்தான் என்றும் வழங்கும். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. மரமோ வெட்டிய தூரிலிருந்தே துளிர்த்து மேல்முறையீடு செய்துகொண்டது.

இனி, பிளத்தல். கட்டையை நட்டுவைத்து, தலைப்பில் வெடிப்பு ஓடியிருக்கும் இடம் பார்த்து, அதன் நேருக்குக் கோடாலியை இறக்க வேண்டும். கணுவில் இறக்கினால் கட்டை கோடாலியைக் கவ்விக்கொள்ளும்; பிறகு இரண்டையும் சேர்த்துத் தூக்கித் தரையில் அடிப்பதைத் தவிர வழியில்லை. புளியங்கட்டை நார் முறுக்கியது. அதற்கு இரும்பு ஆப்பும் முன்ஜென்மப் புண்ணியமும் வேண்டும். பிளப்பவர் உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொள்வது பிடி வழுக்காதிருக்க என்பாரும், கட்டையை மிரட்ட என்பாரும் உளர். இரண்டும் பொருந்தும் என்க.

அற்றேல், பிளப்பானேன், முழுசாகவே காயப்போட்டால் என்ன எனின், காயாது. மரத்துக்குள் நீர் நெடுக ஓடும். வெட்டுவாயில்தான் விரைவாக வெளியேறும். பக்கவாட்டில் பட்டை மறிக்கும். எனவே குட்டையாக நறுக்கி, பட்டை கிழியப் பிளந்தாலன்றி வெயிலுக்கு உள்ளே வழியில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். நல்ல விறகில் அது 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கச் சுமார் 540 கிலோகலோரி செலவாகும். ஆக, ஈர விறகு முதலில் தன்னைத்தான் வேகவைத்துக்கொள்கிறது, மிஞ்சினால் சோற்றுக்கு.

இந்த நுட்பம் விறகுக்கடைகளில் வேறுவிதமாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது. தராசுக்கு நீரும் மரமும் ஒன்றே.

“காஞ்ச விறகா அண்ணாச்சி?”

“அடுப்புல வச்சா காஞ்சிரும் தாயி.”

இவ்வாதத்தைத் தர்க்க சாஸ்திரத்தால் மறுக்க இயலவில்லை. அனுபவத்தால் மறுக்கலாம். இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டுக: காய்ந்தது ‘ணங்’ என்னும், ஈரம் ‘தொப்’ என்னும். தட்டாமல் வாங்கி வந்தோர் அடுப்படியில் அறிவர். ஒரு முனை எரியும்போதே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனை உஸ்ஸென்று சீறி நுரை கக்கும். ஊதுகுழல் ஊதியவருக்குக் கண்ணில் நீர் வரும். சோற்றுக்குக் கொதி வராது.

காலம் பற்றி ஐயமில்லை. மாசி, பங்குனியில் வெட்டி, சித்திரை வெயிலில் போட்டு, ஐப்பசி அடைமழைக்குள் அட்டி போட்டுவிட வேண்டும். அடியில் கல் வைக்காவிட்டால் கறையான் நமக்கு முன்பே கணக்கை முடித்துவிடும். மேலே தகரம் போதும், பக்கங்கள் காற்றாடட்டும். நாலாபுறமும் தார்ப்பாய் போர்த்துவோரை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அவர்கள் விறகுக்கு வேது பிடிக்கிறார்கள். அட்டிக்குள் கைவிடுமுன் ஒரு குச்சியால் தட்டுவது நலம். இது ஓசையாராய்ச்சி அன்று, தேள்.

முருங்கையை விறகு என்பாரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தென்னை மட்டை, பனை மட்டை இவற்றை ஏன் விட்டீர் எனின், தொல்காப்பிய மரபியல் வயிரம் வெளியே உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கிறது. தென்னையும் பனையும் புல்லின்பாற்படும். புல் எரிப்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எரிப்போர் வேறு அறிஞரை அணுகுக.