சைஸ் பார்த்து ஓடு எடு, தம்பி!

ஆம்பூரில் கடல் கிடையாது. பாலாறு உண்டு, அதிலும் தண்ணீர் எப்போதாவதுதான். ஆனால் சைஸ் என்றால் எங்களுக்குத் தெரியும். மாமல்லபுரம் பாறை இடுக்கில் ஒரு துறவி நண்டு ஓடு மாற்றத் திணறியதைப் பார்த்தேன். இரண்டு கொடுக்கும் ஒரே அளவு, கிளிபனேரியஸ் வகை. அப்படியொரு ஜோடிப் பொருத்தம் எங்கள் ஷூ கம்பெனியிலேயே அமையாது. அந்தத் தம்பிக்கு ஷூக்காரனின் யோசனைகள்:

1. கண்ணை நம்பாதே. ஓட்டை உருட்டு, வாய்க்குள் கொடுக்கை விட்டுத் துழாவு. எங்கள் செக்கிங் மேஜையிலும் கை உள்ளேதான் போகும். மடிப்பும் பசைக்கட்டியும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

2. புதுசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழசைக் கழற்று. முன்பாதிதான் உனக்குக் கவசம். வயிறு தோலுரித்த வாழைப்பழம். சட்டென்று தாவி, வால்நுனிக் கொக்கியால் ஓட்டின் நடுத்தண்டைப் பற்றிக்கொள். அதுதான் உனக்கு லேஸ்.

3. வலம்புரிக்கு ஆசைப்படாதே. எங்கள் ஆட்கள் லட்சம் கொடுத்துப் பூஜையறையில் வைப்பார்கள். உன் வயிறு சாதாரண இடம்புரிச் சுருளுக்கென்றே வளைந்தது. வலது காலை இடது ஷூவில் திணிக்கலாமா?

4. "போடப் போட லூசாகிடும்" என்றால் நம்பாதே. அது தோல் ஷூவுக்கு நாங்கள் சொல்லும் சமாதானம். ஓடு இளகாது. இறுக்கமானால் உன் வளர்ச்சிதான் குறையும். ஆபத்தில் முழுசாக உள்ளே ஒடுங்கவும் முடியாது. பெரிசானால் சுமந்தே ஓய்ந்துபோவாய்.

5. வரிசையில் நில். பெரியவன் புது ஓட்டுக்குப் போனால், அவன் விட்டது அடுத்தவனுக்கு. அண்ணன் ஷூ தம்பிக்கு வருகிற வீடுதானே நம்முடையதும்! பொறுமை இல்லையென்றால், பிடித்த ஓட்டுக்காரனைப் பிடித்து, அவன் ஓட்டில் உன் ஓட்டை டக்டக்கென்று மோது. தாங்காமல் வெளியே வந்தாலும் வருவான். அட்வான்ஸ் கிடையாது.

6. ஞாயிற்றுக்கிழமை உஷார். வேன் பிடித்து வரும் எங்கள் ஊர்க் குடும்பங்கள், பிரியாணிப் பொட்டலத்தை மடித்த கையோடு காலி ஓடுகளைப் பொறுக்கக் கிளம்பிவிடும்.

கடைசியாக ஒன்று. உன் ஓட்டைக் கட்டிய நத்தை யாரென்று உனக்குத் தெரியாது. எங்கள் ஷூ ஐரோப்பாவில் யார் காலுக்குப் போகிறதென்று எங்களுக்கும் தெரியாது. சாயங்காலம் ஷிப்ட் விடும்போது கம்பெனி கேட்டில் வந்து பார்: வரிசையாக ரப்பர் செருப்பு.