ஃபர்னஸுக்கு வயசாகிவிட்டதா?

டொரன்டோவில் வெயில் காலத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றதாக யாரும் முறையிடுவதில்லை. அதற்கு நாள் நட்சத்திரம் தெரியும்: வெளியே மைனஸ் 20, அதுவும் சனிக்கிழமை இரவு.

வருகிற டெக்னீஷியன் பேஸ்மென்ட்டில் இறங்கி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்கே ஒரு கட்டணம். சில சமயம் குற்றவாளி, தீச்சுடரை உணரும் சின்னக் கம்பி. அதில் படிந்ததைத் தேய்த்துவிட்டால் பர்னர் அணையாமல் எரியும். சில சமயம் மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்டர்.

வெப்பப் பரிமாற்றியில் விரிசல் என்றால் கதை வேறு. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆபத்து உடனடி என்றால் ஒன்டாரியோவில் சிவப்புச் சீட்டு மாட்டி கேஸை நிறுத்திவிடுவார்கள். அங்கே பேரம் செல்லாது.

மற்றவற்றுக்குத் தொழில்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. ரிப்பேர் செலவை ஃபர்னஸின் வயதால் பெருக்கு. 5,000 டாலரைத் தாண்டினால் புதிது வாங்கு. 15 வயதுக்கு 400 டாலர் என்றால் 6,000. இதைச் சொல்லித் தருபவரே புதிதையும் விற்பவர் என்பது தற்செயல்தான்!

ஆனாலும் கணக்கில் நியாயம் உண்டு. ஃபர்னஸின் சராசரி ஆயுள் 15 முதல் 20 வருடம். 80 சதவீதத் திறனுள்ள பழசு, 100 டாலர் கேஸில் 20 டாலரைப் புகைபோக்கிக்குத் தானம் செய்கிறது. 95 சதவீதப் புதுசு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளும்.

புதிது வாங்குவதென்று முடிவானால் ஒன்று நினைவிருக்கட்டும்: அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதற்கு ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. கதவைத் தட்டுபவருக்கு ஒரு வணக்கம் போட்டு அனுப்பிவிட்டு, மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள்.