மருமகன் இப்போது என்ன கேட்கிறான்?

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் நலம். அத்தையின் கேள்விக்கு முதலில் பதில்: இட்லி அரிசி கிடைக்கிறது. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் இந்தப் பக்கமாகக் குடியேறியதால் சாம்பார்ப் பொடிக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் வேறொரு விஷயத்தில்.

ஆபீசில் சாப்பாட்டு வேளையில் ஜப்பானியர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது, "இப்போ எந்த ஆல்பம் கேட்கிறீங்க?" என்றுதான். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்தவர் அதைத் தேடிப் பிடித்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை பிசகாமல் கேட்டு, திங்கட்கிழமை வந்து தீர்ப்புச் சொல்கிறார். மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவது தொடங்கும் இடைவெளி அற்புதம் என்று ஒருவர் சிலாகித்தார். பாட்டே இல்லாத இடத்தையும் ரசிக்கிறார்கள், மாமா! மருமகன் தலையைக் குனிந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மதுரை ஆரப்பாளையத்தில் யார் ஆல்பம் கேட்டார்கள்? நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசை எண் போட்டு எழுதி, ஒரு 90 கேசட்டையும் சேர்த்து ரெக்கார்டிங் கடையில் கொடுப்பீர்கள். பக்கத்துக்கு 45 நிமிடம். வாங்கி வந்து போட்டால் பதினோராவது பாட்டு பல்லவியோடு அறுந்துபோய், மறுபக்கத்தின் மிச்ச இடத்தில் கடைக்காரருக்குப் பிடித்த பாட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். கம்பெனி கேசட் வாங்கினாலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் பக்கம் போகிற தேனி, கம்பம் வண்டிகளில் ராஜா பாடிக்கொண்டிருப்பார். ஒரு வண்டியின் சரணமும் பக்கத்து வண்டியின் பல்லவியும் கலந்து காதில் விழும். அந்தக் கலவைக்கு எந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்வது?

இந்த ஊரில் பாட்டு கேட்பதற்கென்றே காப்பிக்கடை இருக்கிறது. ஷிபுயாவில் 'லயன்' என்று ஒன்று, 1926-இல் தொடங்கியது. போரில் அழிந்து, 1950-இல் மறுபடி கட்டினார்கள். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் மர ஸ்பீக்கர். நாற்காலிகளெல்லாம் அதைப் பார்த்தபடி. மேற்கத்திய சாஸ்திரிய இசை மட்டும்தான் போடுவார்கள். மாதாமாதம் நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு காப்பிக்குச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். பேசத்தான் கூடாது. பிடித்த இசைத்தட்டை விரும்பிக் கேட்கலாம், அதையும் குசுகுசுவென்று கேட்க வேண்டும். உங்கள் மருமகன் கரண்டியைச் சாசரில் வைத்த சத்தத்துக்கு முன் வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் நண்பர் அவனுக்காகத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு அடியில் நின்று குடும்பத் தகராறைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் பரம்பரையில் வந்தவனுக்கு இது பெரிய தண்டனை.

ஆனால் தனியாகக் கேட்பது அநாகரிகம் என்று கவலைப்பட்டவரும் இந்த நாட்டுக்காரர்தான். சோனியின் அகியோ மொரிட்டா முதல் வாக்மேனை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்தபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவி முகம் சுளித்தாராம். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதனால் 1979 ஜூலையில் விற்பனைக்கு வந்த முதல் மாடலில் இரண்டு ஹெட்ஃபோன் செருகும் துளைகள். பாட்டின் நடுவே இருவரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் வேறு. வாங்கியவர்களோ ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு தனித்தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானே காணாமல் போனது. அத்தையைக் கேட்டிருந்தால், வீட்டுக்காரர் பேச்சைக் கேட்க எதற்குப் பொத்தான் என்றிருப்பார்.

ரெக்கார்டிங் கடைக்கு இங்கேயும் ஒரு பங்காளி உண்டு. 1980-இல் டோக்கியோவின் மிட்டாக்காவில் இசைத்தட்டை வாடகைக்கு விடும் கடையை ஒரு மாணவர் திறந்தார். வாடகைக்கு எடுத்து, வீட்டில் கேசட்டில் பதிந்துகொண்டு திருப்பிக் கொடுப்பது வழக்கமாயிற்று. இசைக் கம்பெனிகள் கொதித்தன. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வாடகையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்க வழிசெய்தார்கள். நம் ரெக்கார்டிங் கடைக்காரர் படித்தால் சிரிப்பார்.

சரி, நண்பர் கதைக்கு வருகிறேன். "உங்க ஊர்ப் பக்கத்து ஆல்பம்" என்று அவர் கொடுத்தது ஹருவோமி ஹோசோனோவின் 'கொச்சின் மூன்', 1978-இல் வந்தது. ஓவியர் ததனோரி யோகோவுடன் இந்தியாவுக்கு வந்துபோனதன் விளைவு. அட்டைப்படமும் யோகோதான். பாட்டுகளின் பெயரைப் படித்தாலே பயணம் எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். ஒன்று 'ஹெபடைட்டிஸ்'; இன்னொன்று 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. வயிறு கெட்டுப் படுத்தவர், தேறி ஊர் திரும்பி, சிந்தசைசரில் அந்த வயிற்றையே வாசித்ததுபோல் இருக்கிறது. மருமகன் முழுதாகக் கேட்டான். நடுவில் எழுந்து வாசல் கதவைச் சாத்தினான், அவ்வளவுதான்.

பதில் மரியாதை செய்ய வேண்டுமே. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டைக் கொடுத்தான். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம், வயலின் வி.எஸ். நரசிம்மன். நம்மவர்களில் பலர் அதையும் டிவியில் துண்டு துண்டாகக் கேட்டதோடு சரி. நண்பர் திங்கட்கிழமை கண் சிவக்க வந்தார். இரண்டு நாளும் அதையேதான் கேட்டாராம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற தலைப்பைச் சொல்லிவிட்டு, "ராஜா வீட்டில் பாக் காப்பி குடித்தாரா?" என்று சீரியசாக விசாரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "உங்க தெருவே முழுசா உட்கார்ந்து கேட்ட ஆல்பம் எது?" என்றார்.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பொறி தட்டியது. சினிமாக் கதை வசனம் பதிந்த தட்டு! 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் வசனம் கோயில் திருவிழா மைக் செட்டில் போனால் தெருவே அடுத்த வசனத்தை முந்திக்கொண்டு சொல்லுமே. தருமியாக நாகேஷ் புலம்பும் இடத்தில் டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கை நிற்கும். சொக்கரையும் மதுரையையும் பற்றிய படம், பாடியவர்களில் நம் ஊர் டி.எம்.எஸ். வேறு, பக்கத்துப் புட்டுத்தோப்புக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? அப்புறம் 1984-இல் 'விதி'. வக்கீலாக சுஜாதா வாதாடும் கோர்ட் காட்சியை வளைகாப்பு, சடங்கு என்று பார்க்காமல் போட்டார்கள். ஒரு வசனத்தையும் யாரும் தாண்டிக் கேட்டதில்லை. முழு ஆல்பம் என்றால் நமக்கு அதுதான், மாமா.

நண்பர் 'திருவிளையாடல்' ஒலிப்பதிவை ஒரு சொல் புரியாமல் முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். "அந்த அழுகிற மனிதருக்குக் கடைசியில் பணம் கிடைத்ததா?" என்பது அவருடைய முதல் கேள்வி. கிடைத்தது என்று கேட்டதும் நிம்மதியானார். இப்போது அவருக்கு அசல் எல்.பி. வேண்டுமாம்.

ஆகவே மாமா, தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அட்டை கிழியாமல் இருந்தால் நல்லது. இங்கே உறையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக்கூடப் பத்திரப்படுத்துகிறார்கள். அது இல்லையென்றால் விலை இறங்கிவிடும். நம் ஊர்த் தட்டுக்கு உறை இருப்பதே அதிர்ஷ்டம் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: 'விதி' கேசட் அத்தையின் பீரோவில் இருந்ததாக ஞாபகம். மேல் ஓட்டையில் பேப்பரை அடைத்து, அதன் மேல் தம்பியின் காதுகுத்தைப் பதிந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். இவர் அதையும் கடைசிவரை கேட்டுவிட்டு, மொய் எவ்வளவு விழுந்தது என்று விசாரிப்பார்.